வியாழன் கிரகத்து எலக்ட்ரானும் என் வயிற்றெரிச்சலும்

என் மனைவி நல்ல செய்தியோடு வீட்டுக்குள் நுழைந்தால் எனக்கு முதலில் வருவது மகிழ்ச்சி இல்லை. வயிற்றில் ஓர் எரிச்சல்தான் வரும். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை, வெட்கப்பட்டும் சொல்லவில்லை. இனிப்பு நீர் வியாதி உள்ளவன் தனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று சொல்வதில்லையா, அதுபோல இருப்பதைச் சொல்கிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே பல்கலைக்கழகத்தில், ஒரே வகுப்பில் இயற்பியல் படித்தவர்கள். ஆய்வகத்தில் ஒரே மேசை. மதிப்பெண்ணும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு பருவத்தில் நான் அவளைவிடக் கூடுதல். இதை அவள் மறந்துவிட்டாள், நான் மறக்கவில்லை. படிப்பு முடிந்ததும் எனக்கு ஆசிரியர் வேலை கிடைத்தது. அவள் மேலே படிக்கப் போனாள். பிறகு கல்யாணம் ஆனது. இப்போது நான் ஜொகூரில், தெப்ரா என்ற ஊரில், ஓர் இடைநிலைப்பள்ளியில் பாடம் நடத்துகிறேன். மின்னோட்டம் என்றால் என்ன என்று கேட்டால் "கரண்ட் பில்லு சார்" என்று பதில் சொல்லும் பிள்ளைகளுக்கு. அவள் முனைவர் பட்டம் வாங்கி, வியாழன் கிரகத்தைச் சுற்றி ஓடும் எலக்ட்ரான்களை ஆராய்ந்துகொண்டிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றால் யாராவது ஓர் ஆன்ட்டி என்னைப் பிடித்துக்கொள்வார்.

"உங்க வைஃப் ராக்கெட் விடுறாங்களாமே தம்பி?"

"ராக்கெட் இல்ல ஆன்ட்டி, எலக்ட்ரான்."

"அப்படியா! நீங்க என்னா வேலை?"

"ஸ்கூல்ல பாடம் நடத்துறேன்."

"அதுவும் நல்ல வேலைதான்."

அந்த 'அதுவும்' இருக்கிறதே, அது வீடு வரும்வரை காரின் பின்சீட்டில் உட்கார்ந்து என் பிடரியைச் சுரண்டிக்கொண்டே வரும்.

அவள் செய்கிற வேலை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் நான் எதற்கு எரிந்தேன் என்பதும் தெரியாது. வியாழன் ஒரு பெரிய காந்தம். பூமியும் காந்தம்தான், ஆனால் வியாழனுக்கு முன்னால் சின்னப் பிள்ளை. இந்தக் காந்தப்புலத்துக்குள் மாட்டிக்கொண்ட எலக்ட்ரான் நேராக ஓட முடியாது. புலக்கோட்டைச் சுற்றிச் சுற்றிப் போகும். வடக்கே போய்த் தெற்கே திரும்பும். அப்படியே கிரகத்தையும் வலம் வரும். வெளியிலிருந்து வரும்போது அது சாதாரண எலக்ட்ரான். உள்ளே போய்ப் பார்த்தால் அவற்றில் சில ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் பறந்துகொண்டிருக்கின்றன. அவ்வளவு சக்தியை யார் கொடுத்தது? இதுதான் கேள்வி. இதற்காகத்தான் அவள் சோற்றைத் தட்டில் ஆறவிட்டுக் கணினியைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இரண்டு வழி உண்டு. எலக்ட்ரான் தூரத்திலிருந்து கிரகத்தை நெருங்க நெருங்க காந்தப்புலம் வலுவாகும், அதோடு எலக்ட்ரானின் சக்தியும் கூடும். இடம் மாறியதற்கே சம்பள உயர்வு. பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் மாதிரி. இன்னொரு வழி, இருந்த இடத்திலேயே ஓர் அலை வந்து தூக்கிவிடுவது. அந்த அலைக்குக் கோரஸ் என்று பெயர். ரேடியோ அலையின் சாதி, காதுக்குக் கேட்காது. ஆனால் அதன் அதிர்வெண் நம் காதுக்கு எட்டும் அளவிலேயே இருப்பதால், ஆன்டெனாவில் பிடித்து ஹெட்போனுக்கு அனுப்பினால் கேட்கலாம். விடியற்காலையில் குருவிக்கூட்டம் கத்துவதுபோல, கீழேயிருந்து மேலே ஏறும் கீச்சுகள். எலக்ட்ரான் சுழலும் வேகத்தோடு அந்த அலை பொருந்திவிட்டால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோலத் தள்ளிக்கொண்டே இருக்கும். சக்தி ஏறிக்கொண்டே போகும்.

இதை எனக்கு விளக்கியபோது அவள் போகிறபோக்கில் இரண்டு விஷயம் சொன்னாள். அந்த அலைக்குச் சக்தி கொடுப்பதே சக்தி குறைந்த, ஏராளமான மற்ற எலக்ட்ரான்கள்தானாம். அவை கொடுத்துக் கொடுத்து இளைக்க, வாங்கி வாங்கிச் சிலது உச்சத்துக்குப் போகிறதாம். அதோடு, ஒன்றைத் தூக்கிவிடுகிற அதே அலை, பக்கத்தில் வந்த இன்னொன்றின் திசையைக் கெடுத்துக் காற்றுமண்டலத்துக்குள் தள்ளிவிடுமாம். அதன் கதை அங்கேயே முடிந்தது.

"அப்போ ஒன்னு டாக்டர், இன்னொன்னு வாத்தியார்" என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

சென்ற ஆண்டு பின்லாந்தில் ஓர் ஆராய்ச்சிக் குழு ஆள் தேடியது. பூமியின் கோரஸையும் வியாழனின் கோரஸையும் ஒப்பிட்டு, எலக்ட்ரான்கள் சக்தி பெறும் வழியை ஆராயும் வேலை. இரண்டு வருஷம், ஒரே ஓர் இடம். என் மனைவி கடைசிச் சுற்றுக்குத் தேர்வாகிவிட்டாள். ஒரு திங்கட்கிழமை இணையவழி நேர்காணல் என்று மின்னஞ்சல் வந்தது. துருவத்தை ஒட்டிய நாடு என்பதால் அங்கே கோரஸ் தரைக்கே வந்து இறங்கும். இத்தனை வருஷம் திரையில் பார்த்த ஒன்றை அவள் நேரில் பிடிக்கலாம். இது கிடைக்காவிட்டால் இதுபோல ஒன்று மறுபடி வராது என்று அவளும் சொன்னாள், எனக்கும் தெரியும். பள்ளியை விட்டு நான் கூடப் போக முடியாது என்பதும் இருவருக்கும் தெரியும்.

"நல்லதுதான்" என்றேன். "ஆனா அவங்க லிஸ்ட்டுல ஆசியாவுல இருந்து ஒரு ஆளு இருக்கணும்னு சும்மா கூப்பிட்டிருப்பாங்க லா."

அவள் உடை மாற்றப் போய்விட்டாள். என் வாய் அப்படிப்பட்டது. அவளுடைய முதல் கட்டுரை அச்சில் வந்தபோது, வரைபடத்தின் ஓரத்தில் அலகு தவறாக இருக்கிறது என்று கண்டுபிடித்தேன். அவள் பரிசு வாங்கியபோது, "ஹாலு ரொம்ப சின்னதா இருக்கே" என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்கு ஆடவும் தெரியும் என்பதுதான் என் வயிற்றெரிச்சலுக்கே காரணம்.

நேர்காணலை ஒரு வேடிக்கையோடு தொடங்க அவள் நினைத்தாள். எங்கள் ஜொகூர் பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கோரஸ் இவ்வளவு தெற்கே தரைக்கு வராது. இங்கே ஆன்டெனா வைத்தால் கேட்பதெல்லாம் இடி மின்னலின் படபடப்புத்தான். அந்தப் படபடப்பைப் பதிவு செய்துகொண்டு போய், 'என் ஊரில் இதுதான் கேட்கிறது, அதனால்தான் உங்கள் ஊருக்கு வர ஆசைப்படுகிறேன்' என்று சொல்வதாகத் திட்டம். நல்ல யோசனை. எனக்குத் தோன்றவில்லையே என்று அதற்கும் எரிந்தேன். ஆன்டெனாவைக் கட்டிக்கொடுத்தது நான்தான். மரச்சட்டம் அடித்து, செம்புக் கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றி, பக்கத்தில் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் வைத்தேன். கை வேலையில் அவள் சுழியம்.

தெப்ராவில் மின்கம்பிகளின் ரீங்காரம் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். அதனால் குளுவாங்கைத் தாண்டி, காஹாங் என்ற சிற்றூரில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்குப் போனோம். அண்ணனுக்கு அங்கே, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் கொஞ்சம் உண்டு, வீட்டை ஒட்டி ஒரு குருவி வீடும் உண்டு. ஜன்னல் இல்லாத சிமெண்டுக் கட்டடம். அதற்குள் வாலிட் குருவிகள் எச்சிலால் கூடு கட்டும், சீனர்கள் அதை சூப்புக்கு வாங்குவார்கள். கூரையில் ஸ்பீக்கர் வைத்து, பென்டிரைவில் பதிவு செய்த குருவிச் சத்தத்தை விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை போட்டுக்கொண்டே இருந்தால்தான் காட்டுக் குருவிகள் அதைக் கேட்டு உள்ளே வரும். அந்தக் கீச்சு மூச்சு ஹெட்போனில் கேட்பதைக் குழப்பும் என்பதால், அது காதுக்கு எட்டாத தூரத்துக்கு, தோட்டத்து வேலியின் நடுப்பகுதிக்கு, ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு போனோம்.

விடிந்துகொண்டிருந்தது. அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பனி நனைத்த புல்லில் உட்கார்ந்திருந்தாள். திடீரென்று என் கையைப் பிடித்து நகம் பதிய அழுத்தினாள். ஹெட்போனின் ஒரு காதைத் திருப்பி என்னிடம் கொடுத்தாள். இடியின் படபடப்புக்கு நடுவே, கீழேயிருந்து மேலே ஏறும் கீச்சு. ஒன்று, அடுத்து இன்னொன்று, பிறகு கூட்டமாக.

"டேய், கோரஸ் டா!" என்றாள். "இங்க கேக்கவே கூடாது டா!"

அந்த வாரம் சூரியனிலிருந்து ஒரு பெரிய புயல் வந்து பூமியின் காந்தப்புலத்தை உலுக்கியிருந்தது. அதனால் நடக்கக்கூடாதது நடந்திருக்கலாம் என்று நம்பவும் கொஞ்சம் இடம் இருந்தது. அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள். நான் அவள் தோளுக்கு மேலே ஆன்டெனாவைப் பார்த்தேன். என் சட்டம், என் கம்பி, என் அண்ணன் தோட்டம். கண்டுபிடிப்பு மட்டும் அவளுடையது. நெஞ்சு எரிந்தது என்றால் எரிந்தது, வேறு சொல் இல்லை.

இடி மின்னல் வேடிக்கை போயிற்று. நேர்காணலில் இந்தக் கீச்சைப் போட்டுக்காட்டப் போவதாக அவள் முடிவு செய்தாள். நான் அந்தப் பதிவை என் மடிக்கணினியில் ஏற்றிக்கொண்டேன். எதற்கு என்று சொல்லத் தேவையில்லை, குறை கண்டுபிடிக்கத்தான். ஒரு சனிக்கிழமை மதியம் முழுக்க அதை அலைப்படமாகப் போட்டுத் துருவினேன். கீச்சுகள் அழகாக இருந்தன. ஒரு வரிசை எனக்குப் பிடித்துப்போனது: இரண்டு குட்டை, ஒரு நெட்டை, கொஞ்சம் இடைவெளி, பிறகு ஒரு கொத்து. சற்றுத் தள்ளிப் பார்த்தேன். அதே இரண்டு குட்டை, அதே நெட்டை, அதே இடைவெளி, அதே கொத்து. ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்த்தால் மயிரிழை பிசகவில்லை. இயற்கை ஒருமுறை சொன்னதை அப்படியே மறுமுறை சொல்லாது. பென்டிரைவ்தான் சொல்லும்.

நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தேன். உடம்பெல்லாம் குளிர்ந்தது. அடுப்படியில் அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அது கோரஸ் இல்ல, குருவி" என்றேன். குரலில் இருந்த சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை.

"என்னது?"

"அண்ணன் வீட்டு ஸ்பீக்கர்ல போடுற குருவிச் சத்தம். ஒரே வரிசை திரும்பத் திரும்ப வருது. வந்து பாரு."

அவள் கத்தியை வைக்கவே இல்லை. "நம்ம உக்காந்த எடத்துல குருவிச் சத்தம் கேட்டுச்சா?"

"இல்ல."

"கேட்டாலும், அந்த ஆன்டெனா மைக்கா? காந்த அலையப் புடிக்கிற சுருளுக்குள்ள குருவி எப்படிடா கத்தும்?"

"அதுதான் எனக்கும் புரியல."

"புரியாமத்தான் இவ்ளோ சிரிப்பா?" அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கண்ணில் வெங்காயத் தண்ணீர். "கட்டுரை வந்தப்ப அலகு தப்பு. பரிசு வாங்குனா ஹாலு சின்னது. இப்ப குருவி. உனக்கு வயித்தெரிச்சல் லா, வேற ஒன்னும் இல்ல. அந்தப் படத்த நான் பாக்க மாட்டேன்."

புலி வருது, புலி வருது என்று கத்திக்கொண்டே இருந்தவன் நான். நிஜமாகவே புலி வந்தபோது யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

சரி, சொல்லியாகிவிட்டது, கேட்காவிட்டால் என் குற்றமா என்று விட்டேன். விட்டதில் ஒரு சுகம் இருந்தது. திங்கட்கிழமை பள்ளியில் சீட்டியடித்துக்கொண்டே பாடம் நடத்தினேன். ஒரு மாணவி, "சார், இன்னைக்கு பெர்த்டேயா?" என்றாள். நேர்காணலுக்கு இன்னும் ஒரு வாரம். அவள் அந்தக் கீச்சைப் போடுவாள்; பின்லாந்துக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்; அவள் தெப்ராவிலேயே இருப்பாள். நான் ஒரு விரல்கூட அசைக்க வேண்டாம்.

அந்த வாரம் தினமும் மாலையில் அவள் படுக்கையறைக் கண்ணாடி முன்னால் பேசிப் பழகினாள். ஒருநாள் கதவு திறந்திருந்தது. கீச்சு ஒலித்ததும் அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். அந்த முகத்தை நான் கல்யாண ஆல்பத்தில்கூடப் பார்த்ததில்லை. என் அண்ணனின் பென்டிரைவ் அவளை அப்படிச் சிரிக்க வைக்கிறது! அதன்மேலும் பொறாமைப்பட்டேன். அதே நேரம் அந்த முகம் திங்கட்கிழமை முன்பின் தெரியாத நாலு பேர் முன்னால் எப்படிச் சுருங்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அவளைக் குறை சொல்கிற உரிமை எனக்கு மட்டும்தான். வேறு எவனும் அவளைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது.

அண்ணனுக்குப் போன் அடித்தேன். "அந்த வேலிப் பக்கம் புதுசா ஏதாச்சும் வச்சியா?"

"தோட்டத்துக் கடைசியில இன்னொரு குருவி வீடு கட்டுனேன்ல?" என்றான். "அதுக்கு தனி ஆம்ப்ளிஃபையர் எதுக்குன்னு இங்கேருந்தே ஒயரு இழுத்துட்டேன் லா. வேலி ஓரமா, குழாய்ல போட்டு."

தலையில் அடித்துக்கொண்டேன். ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் கம்பியில் குருவிச் சத்தம் மின்னோட்டமாகத்தான் ஓடும். மின்னோட்டம் ஓடினால் சுற்றிலும் காந்தப்புலம் அதே தாளத்தில் துடிக்கும். வேலி நெடுக அந்தக் கம்பி. அதன் பக்கத்தில் எங்கள் ஆன்டெனா. காதுக்கு ஒரு கீச்சும் கேட்காது, சுருளுக்கு மட்டும் நன்றாகக் கேட்கும். உலகத்தில் வேறு எந்த ஊரில் ஆன்டெனா வைத்தாலும் இந்தத் தவறு நடந்திருக்காது.

அவளிடம் சொன்னேன். அவள் நம்பினாள் என்று சொல்ல முடியாது.

"ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு தடவ வா. நான் சொல்றது தப்பா இருந்தா, இனிமே உன் வேலையப் பத்தி நான் வாயே தொறக்க மாட்டேன்."

"அதுக்காகவே வரேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காஹாங் போகிற வழியில், ஆயர் ஈத்தாமில் கோப்பி குடிக்க நிறுத்தியபோதும் அவள் என்னோடு பேசவில்லை. சாலையோரக் கடைகளில் அடுக்கியிருந்த மண் ஜாடிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் உள்ளுக்குள் சந்தேகம் வந்துவிட்டது என்று அதிலேயே தெரிந்தது. நம்பிக்கை இருந்தால் அவள் என்னைச் சும்மா விட்டிருக்க மாட்டாள்.

காஹாங்கில் அவள் வேலிப் பக்கம் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். நான் அண்ணனிடம் சத்தத்தை நிறுத்தச் சொன்னேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை.

"அலமாக், இப்பத்தான் குருவி வந்து கூடு கட்டுது. சத்தம் நின்னா பறந்து போயிடும்டா. உங்க ரெண்டு பேரு சண்டைக்கு என் குருவி பலியா?"

கெஞ்சிக் கூத்தாடினேன். நிறுத்த வேண்டாம், பென்டிரைவுக்குப் பதிலாகக் கொஞ்ச நேரம் மைக்கை மாட்டிப் பேசிவிட்டு உடனே தருகிறேன் என்றேன். சத்தம் நின்றால்கூட அவள் தற்செயல் என்பாள். என் குரலே அந்தச் சுருளில் கேட்டால் என்ன சொல்ல முடியும்? கிறிஸ்மஸ் பாட்டுக்கு வைத்திருந்த மைக்கை அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தான்.

குருவி வீட்டின் அடித்தளத்தில் ஆம்ப்ளிஃபையர் அறை. இருட்டு, எச்ச நாற்றம், கனத்த சுவர். மேல்மாடியில் குருவிகளுக்கென்று உள்ளே வைத்த தனி ஸ்பீக்கர்கள் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தன. நான் மைக்கை மாட்டினேன்.

"ஹலோ. கேக்குதா? இது வானம் இல்ல, நான்தான்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். வேலை முடிந்துவிட்டது. ஆனால் அவள் கேட்கிறாள், பதில் பேச முடியாது, முகம் தெரியாது. இப்படி ஒரு வசதி எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து கிடைத்ததில்லை.

"வயித்தெரிச்சல்னு சொன்னியே, அது சரி. நூத்துக்கு நூறு சரி. ஒரே மேசையில உக்காந்தோம், நீ எங்கேயோ போயிட்ட. உனக்கு நல்லது நடக்கும்போதெல்லாம் நான் வெந்து சாவுறேன். ஆனா வயித்தெரிச்சல் புடிச்சவன் சொல்றதும் சில நேரத்துல உண்மையா இருக்கும் லா. இந்த ஒயரு உண்மை. நாளைக்கு அதப் போட்டுக் காட்டாத, அவங்க உன்னப் பாத்து சிரிச்சா என்னால தாங்க முடியாது." மூச்சு வாங்கியது. "நீ போகக்கூடாதுன்னுதான் எனக்கு ஆசை. ரெண்டு வருசம் அந்த வீட்டுல நான் தனியா என்னா செய்வேன்? போகாத. அவ்ளோதான்."

கதவு படீரென்று திறந்தது. அண்ணன் நின்றுகொண்டிருந்தான்.

"டேய் மடையா, ஸ்பீக்கரு ஆன்ல இருக்குடா!"

"எந்த ஸ்பீக்கர்?"

"எல்லா ஸ்பீக்கரும்! கூரை மேல இருக்கிறது, கடைசி வீட்டுல இருக்கிறது, எல்லாம்! ரோட்டு ஒட்டுக்கடை வரைக்கும் கேக்குது!"

கம்பி, மின்னோட்டம், காந்தப்புலம் என்று எல்லாவற்றையும் யோசித்தேன். ஸ்பீக்கர் என்பது சத்தம் போடும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும். வெளியே வந்தேன். அண்ணி துணிக்கொடி பக்கத்தில் ஈரத் துணியோடு அப்படியே நின்றார். ஒட்டுக்கடையில் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நாற்காலியோடு திரும்பியிருந்தார்கள். ஒருவர் எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

என் மனைவி வேலி ஓரமாக மெல்ல நடந்து வந்தாள். ஹெட்போன் கழுத்தில் தொங்கியது. எங்கள் வீட்டார் முன்னால் அவள் என்னை எப்போதும் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவாள்.

"நீங்க சொன்னதுதாங்க சரி. ஒயருதான்" என்றாள். பிறகு அண்ணனிடம், "பென்டிரைவ மாட்டிடுங்க மாமா, குருவி போயிடப் போகுது" என்றாள். சாப்பிட்டுப் போகலாம் என்று அண்ணி சொன்னதையும் கேட்காமல் காரில் ஏறிக்கொண்டாள்.

குளுவாங்கும் தாண்டியாயிற்று. அப்புறம் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"போகாதன்னு இன்னைக்குத்தான் சொல்ற."

நான் காரின் வேகத்தைக் குறைத்தேன்.

"இத்தன மாசமா அது தப்பு, இது சின்னது, அவங்க சும்மா கூப்பிட்டாங்கன்னே சொல்லிக்கிட்டு இருந்த. உனக்கு என்னப் புடிக்காமப் போயிடுச்சுன்னு நெனச்சேன். சரி, கொஞ்ச நாளு தள்ளியே இருப்போம்னுதான் அந்த வேலைக்கு எழுதிப் போட்டேன்."

கார் ஒரு பக்கமாக இழுத்தது. நேராக்கினேன்.

"மொதல்லயே சொல்லியிருந்தா?"

"யோசிச்சிருப்பேன்."

"இப்ப?"

"இப்ப எனக்கே போகணும்னு ஆச வந்துருச்சுடா" என்றாள். அவள் அழுதுகொண்டிருந்தாள். நானும்தான்.

மறுநாள் மதியம், பின்லாந்தில் காலை நேரம், நேர்காணல் நடந்தது. நான் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அடுப்படியில் ஓசைப்படாமல் நின்றேன். அவள் ஹாலில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் பேசினாள். கீச்சைப் போட்டாள்! எனக்கு உயிரே போய்விட்டது. போட்டு முடித்து, "இது கோரஸ் இல்லை, பறவைகளை ஏமாற்றுவதற்காக வைத்தது. ஒரு வாரத்துக்கு மேலாக என்னையும் ஏமாற்றிவிட்டது" என்றாள். குருவி வீடு, கம்பி, வேலி, மைக் எல்லாவற்றையும் சொன்னாள். "கண்டுபிடித்தது என் கணவர்" என்றாள். அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. கேலிச் சிரிப்பு இல்லை. ஒரு பெண் குரல், "மைக்கில் உங்கள் கணவர் என்ன பேசினார்?" என்று கேட்டது.

என் மனைவி அடுப்படிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"டெஸ்ட்டிங், டெஸ்ட்டிங் என்று சொன்னார்" என்றாள்.

பிறகு அவர்கள் எலக்ட்ரான்களைப் பற்றிக் கேட்டார்கள், அவள் சொன்னாள். ஒன்றும் இல்லாமல் வந்த ஒன்று எப்படிச் சக்தி பெறுகிறது என்று, கையை ஆட்டி ஆட்டி, மூச்சு விடாமல். எனக்கு இத்தனை தரம் சொல்லியிருக்கிறாள். ஒருநாளும் நான் அப்படிக் காது கொடுத்ததில்லை. அந்தப் பக்கம் ஒருவர்கூடக் குறுக்கே பேசவில்லை. இடம் இவளுக்குத்தான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இனி இரண்டு வருஷம் இந்தக் குரலைத் தினமும் கேட்கப் போகிறவர்கள் அவர்கள். எனக்கு அந்த ஆட்கள்மேல் வந்த அளவு பொறாமை, அவள்மேல் ஒருநாளும் வந்ததில்லை.